மண்டையை அளந்தவர்கள் கண்டது என்ன?

மனிதனைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கின்றது. அதற்கு மானிடவியல் என்று பெயர். அதை நாம் மெச்சுகின்றோம் என்றால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கக்கூடும். ஏனெனில் அதன் ஆரம்ப கால யோக்கியதை அவ்வளவு நல்லதல்ல. முடிவை முன்னாலேயே மடியில் கட்டிக்கொண்டு, பிறகு அளவுகோலைத் தேடிப் புறப்பட்ட சாஸ்திரம் அது. அப்படியிருந்தும் அதே அளவுகோல் அதன் எஜமானர்களைக் காட்டிக்கொடுத்ததுதான் நாம் இங்கு சொல்ல வந்த விஷயம்.

முதலில் நம் நாட்டில் அது செய்த வேலையைப் பார்ப்போம். 1901-ம் வருஷத்து ஜனக்கணக்குக்குத் தலைமை உத்தியோகஸ்தராக இருந்த ரிஸ்லி துரை, மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்கி, அந்த எண் ஏற ஏற ஜாதி இறங்கிக்கொண்டே போகும் என்று எழுதினார். அதாவது புரோகிதன் சொன்ன அதே வரிசையைத் துரையின் கருவியும் சொல்லிவிட்டதாம்! சென்னை எழும்பூர் மியூசியத்திலிருந்த தர்ஸ்டன் துரையும் தலைகளையும் மூக்குகளையும் அளந்து தள்ளி, 1909-ல் ஏழு பாகங்களில் புஸ்தகம் போட்டார். ஒரு ஜாதியின் மூக்குகளையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏதோ ஒரு எண் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஜாதிக்குள்ளேயே அண்ணனுக்கு ஒரு மூக்கும் தம்பிக்கு ஒரு மூக்கும் இருப்பதைச் சராசரி காட்டாது. இதைக் கண்டுபிடிக்க மியூசியம் வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை வரிசையாகப் பார்த்தால் போதும்.

நிற்க, இந்த அளவுப் பைத்தியம் முற்றிப்போன இடம் ஜெர்மனி. 1927-ல் பெர்லினில் ஏற்பட்ட மானிடவியல் நிலையத்துக்கு ஆய்கன் பிஷர் என்பவர் தலைவர். 1908-ல் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், கலப்பு மணத்தில் பிறந்தவர்களை அளந்து, கலப்பு கெடுதல் என்று புஸ்தகம் எழுதியவர் இவர். அந்த ஜெர்மன் காலனியில்தான் 1904 முதல் 1908 வரையில் ஹெரேரோ, நாமா மக்களைப் பதினாயிரக்கணக்கில் கொன்று, அவர்கள் மண்டையோடுகளை ஆராய்ச்சிக்கென்று பெர்லினுக்கு அனுப்பினார்கள். கைதிகளாயிருந்த பெண்களைக் கொண்டே அவற்றின் சதையைச் சுரண்ட வைத்தார்கள். இதற்குச் சாஸ்திரம் என்று பெயர்!

இந்தப் பிஷரிடம் மாணவியாகப் போய்ச் சேர்ந்தார், 1905-ல் பர்மாவில் பிறந்து புனாவில் வளர்ந்த இராவதி கார்வே அம்மையார். வெள்ளையர் மண்டையோட்டில் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் பெருத்திருக்கும், அவர்கள் அறிவுக்கு அதுவே காரணம் என்பது பிஷரின் எண்ணம். அதை ருஜுப்படுத்துவது அம்மையாருக்கு வந்த வேலை. அவர் ஐரோப்பியருடையதும் மற்றவர்களுடையதுமாக 149 மண்டையோடுகளை அளந்தார். கோணல் எல்லா மண்டைகளிலும் இருந்தது. அது இனத்தைப் பார்த்து வரவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆசிரியருக்கு ஒத்து எழுதியிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. சொல்லப்போனால், பிறவி உயர்வு என்னும் கதையினால் லாபமடைகின்ற சித்பாவனப் பார்ப்பன வகுப்பில் பிறந்தவர் அவர். ஆனாலும் கண்டதை மாற்றவில்லை. (பிற்காலத்தில் மராட்டிய நாட்டில் அவரும் ஜாதி ஜாதியாக அளந்தார். அளக்கின்ற பழக்கம் லேசில் விடுவதில்லை போலும்.)

ஆசிரியரோ பிடித்த பிடியை விடவில்லை. 1933-ல் ஹிட்லர் ஆட்சியில் பெர்லின் சர்வகலாசாலைக்குத் தலைவரானார். 1937-ல் ரைன் நதிப் பிரதேசத்துக் கலப்புக் குழந்தைகளைப் பிடித்து மலடாக்கிய அக்கிரமத்தில் அவருக்கும் பங்குண்டு. 93 வயது வரை வாழ்ந்து, 1967-ல் செத்தார். பெர்லினிலிருந்த மண்டையோடுகளில் 20 மட்டும் 2011-ல் நமீபியாவுக்குத் திரும்பிச் சென்றன.

இதே சாஸ்திரத்தில் வேறு வழியில் போனவர்களும் உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூதரான பிரான்ஸ் போவாஸ், நியூயார்க்கில் குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 18,000 பேரை அளந்து, புதுநாட்டில் பிறந்த பிள்ளைகளின் தலையமைப்பே பெற்றோரினின்றும் மாறுகின்றது என்று 1911-ல் வெளியிட்டார். மாறுதல் எவ்வளவு என்பது பற்றி 2002-லும் தர்க்கம் நடந்ததுண்டு. ஆனால் மண்டை மாறவே மாறாது என்று அடம் பிடித்தவர்கள் வாய் அடைத்தது. அவருடைய மாணவர் கோல்டன்வைசர் நடத்திய வகுப்பில்தான் 1916-ல் ஓர் இந்திய மாணவர், ஜாதிக்கு ஆணிவேர் நிறமல்ல, கூட்டத்துக்குள்ளேயே பெண் கொண்டு பெண் கொடுப்பதுதான் என்று கட்டுரை படித்தார். அவர் டாக்டர் அம்பேத்கர்.

இப்போது மூக்கும் மண்டையும் போய் மரபணு வந்திருக்கின்றது. அதைக் காட்டி, "எங்கள் ரத்தம் கலப்பில்லாதது" என்று பேசுகின்றவர்களும் புறப்பட்டிருக்கிறார்கள். ஆனால் 2013-ல் வெளியான ஆராய்ச்சியில் 70-க்கு மேற்பட்ட கூட்டத்தாரைச் சோதித்துக் கண்டது என்ன? சுமார் 4,200 வருஷங்களுக்கு முன்னிருந்து 1,900 வருஷங்களுக்கு முன் வரையில் இந்நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள், பிறகுதான் அந்தக் கலப்பு நின்றிருக்கின்றது என்பதே. அப்படியானால் "ஆதியிலிருந்து" என்கிறார்களே, அது எந்த ஆதி என்று கேட்கின்றோம். கதவை இடையில் சாத்தியவர்கள் மனிதர்கள். உட்பிரிவு வரையில் கேட்டு வருகின்ற கல்யாண விளம்பரங்களைக் கொண்டு அதை இன்றும் சாத்தியே வைத்திருக்கிறார்கள். மூக்கின் அளவை மட்டும் அவற்றில் இன்னும் கேட்க ஆரம்பிக்கவில்லை.