காகிதம் எங்கே நிற்கிறது?

பெண்ணாடம், இறையூர் பக்கம் கரும்பு போட்டுப் பழகிய குடும்பங்களுக்குத் தெரியும். கரும்பு விளைந்தால் மட்டும் போதாது, வெட்டு உத்தரவு கைக்கு வரவேண்டும். ஆலையில் பதிவு, கரும்பு அலுவலர் வந்து பார்ப்பது, உத்தரவு, வெட்டு, லாரி, எடை மேடை, ரசீது, அப்புறம் பில், கடைசியில் பணம். நடுவில் ஒரு படி நின்றால் எல்லாமே நிற்கும். வெட்டிப் போட்ட கரும்போ காத்திருக்காது. நாள் போகப் போக எடையும் இறங்கும், சர்க்கரைச் சத்தும் குறையும். "எங்க சார் நிக்குது?" என்று மேசை மேசையாகக் கேட்டு அலைவதுதான் மிச்சம்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் மென்பொருள் கம்பெனிகள் உண்டு. ஒரு விண்ணப்பம் யாரிடம் தொடங்கி, யார் பார்த்து, யார் ஒப்புதலோடு முடிய வேண்டும் என்ற பாதையைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருவார்கள். அமெரிக்காவில் 1983-லேயே இப்படி ஒரு கம்பெனியை, பெகாசிஸ்டம்ஸை, ஆரம்பித்தவர் ஆலன் டிரெஃப்லர். அவர் போட்டிகளில் ஜெயித்த செஸ் ஆட்டக்காரர். அடுத்த காய் எங்கே நகரும் என்று யோசித்துப் பழகியவருக்கு ஏற்ற தொழில்தான்! ஆனால் அதெல்லாம் பெரிய வங்கிகளுக்கான சரக்கு.

சின்ன ஆபீஸ்களும் வாங்குகிற மாதிரி அதைச் செய்த கம்பெனி ஒன்று சென்னையில் இருக்கிறது. பெயர் கிஸ்ஃப்ளோ. பெயரைப் பார்த்து வேறு எதுவும் நினைக்க வேண்டாம். 'எளிமையாக வை' என்று சொல்லும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் அந்தக் 'கிஸ்'. நிறுவனர் சுரேஷ் சம்பந்தம், கடலூர்க்காரர். பெண்ணாடத்துக்கும் அதுதானே மாவட்டத் தலைநகர்!

எளிமை அவர்களுக்கும் எடுத்தவுடனே கைவரவில்லை. 2000-களில் ஆரஞ்ச்ஸ்கேப் என்ற பெயரில் தொடங்கியபோது அவர்கள் செய்தது வேறு. எக்செல் மாதிரிக் கட்டங்களில் விதிகளைப் போட்டால் போதும், புரோகிராம் எழுதாமலே மென்பொருள் தயாராகிவிடும் என்ற கருவி அது. 2008-ல் கூகுள் தன் கணினிகளை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டபோது, அந்த மேடையிலும் ஏறினார்கள். கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் "இதை வைத்து எதையும் செய்யலாம்" என்று சொல்லி விற்பது லேசுப்பட்ட வேலையா? வாங்க வருபவர் "எனக்கு என்ன செய்யும்?" என்றல்லவா கேட்பார்!

2012-ல் வந்த கிஸ்ஃப்ளோ அதற்கு நேர்ப்பதில் சொன்னது. லீவு விண்ணப்பம், பயணச் செலவு பில், பொருள் வாங்க ஒப்புதல் என்று எல்லா ஆபீஸிலும் இழுபடும் வேலைகளைக் கையில் எடுத்தது. கூகுளின் இணையச் சந்தையில் கடை போட்டதால், வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடி விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை. பிறகு கம்பெனியே பழைய பெயரை விட்டுவிட்டு, பிள்ளையின் பெயரை வைத்துக்கொண்டது.

2022 ஏப்ரலில், கூடவே நின்ற மூத்த ஊழியர்கள் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு பிஎம்டபிள்யூ கார் பரிசு கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் ஒரு கோடி ரூபாய். ஊரெல்லாம் காரைப் பற்றிப் பேசியது. கம்பெனி என்ன விற்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அது விற்பது கையெழுத்தை அல்ல. ஒப்புதல் தர வேண்டியவர் தரவில்லை என்றால், எந்த மென்பொருளும் அவர் கையைப் பிடித்து எழுத வைக்காது. ஒன்று மட்டும் மாறும். மேசை மேசையாக அலைந்து கேட்டது போய், மூன்று நாளாக யாரிடம் நிற்கிறது என்று பெயரோடு செல்போனிலேயே தெரிந்துவிடும். புதிதாக இதைக் கொண்டுவரும் ஆபீஸில் முதலில் முணுமுணுப்பவர் யார் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.