பறந்த எஞ்சினும் பழைய இரும்பும்

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு பழைய இரும்புக் கடை. மூலையில் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் கிடக்கிறது. கியர் பெட்டி இல்லை, கிக்கர் இல்லை. தண்டின் நுனியில் போல்ட் துளைகளோடு ஒரு வட்டத் தகடு. 'உதிரி பாகம் போன சரக்கு' என்று கடைக்காரர் எடை போட்டுவிடுவார். அது ஒரு காலத்தில் ஆகாயத்தில் பறந்த எஞ்சினாகவும் இருக்கலாம்.

கற்பனையல்ல. 1923-ல் இங்கிலாந்தின் லிம்ப்னேயில் குறைந்த எரிபொருளில் பறக்கும் குட்டி விமானங்களுக்குப் போட்டி நடந்தது. அதில் 'ரென்' என்ற விமானம் 398 சிசி ஏபிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினோடு வந்தது. ஒரு காலன் பெட்ரோலில் 87.5 மைல் பறந்து பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 31 கிலோமீட்டர். பைக் கொடுக்கும் மைலேஜ்!

அமெரிக்காவில் எட் ஹீத் 1926 முதல் 'பாரசோல்' விமானங்களுக்கு நாலு சிலிண்டர் ஹெண்டர்சன் பைக் எஞ்சினை மாற்றிப் பொருத்தினார். பிரான்சில் ஆன்றி மின்யே வடிவமைத்த விமானத்துக்கு ஆங்கிலத்தில் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று பெயர். அதற்கு பிரிட்டனின் ஸ்காட் மோட்டார் சைக்கிள் நிறுவனமே தனி எஞ்சின் தயாரித்தது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட்டில் இறக்கப்பட்ட ராயல் என்ஃபீல்டின் 125 சிசி பைக்குக்கும் அதே செல்லப்பெயர். பெயரை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பைக் எஞ்சினை ஏன் நாடினார்கள்? எடை குறைவு, காற்றிலேயே குளிரும், விலையும் மலிவு. ஆனால் தொல்லைகளும் உண்டு. பைக் எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் முழு பலம் தரும். புரொப்பெல்லருக்கோ நிதானச் சுழற்சிதான் பிடிக்கும். சாலையில் அவ்வப்போது ஓய்வு கிடைக்கும். வானில் மேலே ஏறும்போது முழு மூச்சு. புரொப்பெல்லர் இழுக்கும் விசையைத் தாங்க பேரிங்கும் மாற்றப்பட வேண்டும். இந்த மாற்றங்களே இன்று அடையாளம்: வெட்டி எடுக்கப்பட்ட கியர் பெட்டி, தண்டில் புரொப்பெல்லர் தகடு, சில எஞ்சின்களில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். தலைகீழாகத் தொங்கிய சிலிண்டர்களும் உண்டு.

நம் பக்கமும் இதற்குப் புதிதல்ல. 1910-ல் சென்னை மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் சொந்தமாக வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் கட்டச் செய்து, பல்லாவரத்தில் பறந்து காட்டினார். அதில் இருந்ததும் குறைந்த குதிரைத்திறன் எஞ்சின்தான். அப்போது சித்தூர், சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத் தலைநகர். மறுவருடம்தான் சித்தூர் தனி மாவட்டமானது. திருப்பதி பிரிந்தது 2022-ல்.

1956 முதல் திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. திருப்பதி சாலைக்குப் பழைய பைக் புதிதல்ல. பழைய எஞ்சினைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை. சிக்கல் வேறு இடத்தில். 50 வயதைத் தாண்டிய வாகனத்தை விண்டேஜ் எனப் பதிய 2021-ல் மத்திய அரசு விதி செய்தது. ஆனால் வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். மாற்றப்பட்ட எஞ்சின் பைக்கும் அல்ல, விமானமும் அல்ல. ஆர்.சி. புத்தகம் இல்லை, அது பொருத்தப்பட்டிருந்த மர இறக்கை எப்போதோ செல்லரித்துப் போயிருக்கும். அதைப் பைக்காக மீட்க ஆசைப்படுவோர் புரொப்பெல்லர் தகட்டைக் கழற்றி எறிந்தால், பறந்ததற்கான ஒரே சாட்சியும் போய்விடும்.

ஆகவே அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்பட வேண்டாம். எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். வாங்கிய வீடு, விற்றவர் சொன்ன கதை, தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். பாலிஷ் போடாதீர்கள், தகட்டைக் கழற்றாதீர்கள். அதை வைத்து மறுபடி பறக்கும் ஆசை மட்டும் கூடவே கூடாது. வானில் நின்றுபோகும் எஞ்சினை ஓரம் கட்ட இடமில்லை. அலுமினியத்தை உருக்க அரை நாள் போதும். உருகிய பிறகு அதில் சரித்திரத்தைத் தேட முடியாது.