வடிகட்டியைக் கழுவிக் கொல்லாதீர்கள்!

பள்ளிக்கூட முன்கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் எட்டுத் தங்கமீன்கள். சனிக்கிழமையன்று தொட்டியைத் தேய்த்துக் கழுவி, எல்லாத் தண்ணீரையும் மாற்றுகிறார்கள். வடிகட்டியைப் பிரித்து, அதிலுள்ள பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை அலசுகிறார்கள். தண்ணீர் பளிங்குபோல் தெளிகிறது. ஆனால் நான்கைந்து நாட்களில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்றிரண்டு இறந்தும் போகின்றன. “இந்தத் தொட்டிக்கு ராசியில்லை” என்கிறார்கள். ராசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த மீன்களைக் கொன்றது நாம் செய்த சுத்தம்தான்!

இது விந்தையாகத் தோன்றுகிறதா? காரணத்தைப் பார்ப்போம். மீன் தன் செவுள்களின் வழியாக அம்மோனியாவை இடைவிடாமல் வெளியிடுகிறது. மிஞ்சிய உணவு அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். ஆற்றிலும் ஏரியிலும் இது பெருநீரில் கலந்து கரைந்துவிடும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. அம்மோனியாவுக்கு நிறமும் கிடையாது. எனவே நீர் தெளிவாக இருக்கும்போதே நஞ்சாகவும் இருக்கக்கூடும்.

இந்த நஞ்சை அகற்றுவது பஞ்சும் அல்ல, மோட்டாரும் அல்ல. பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். மண்ணில் இவ்வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890-இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். நன்னீர் மீன் தொட்டிகளில் நைட்ரைட்டைக் கையாள்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்ற இனம் என்பது 1998-இல் தெரிய வந்தது. இரண்டு வேலைகளையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டென்று 2015-இல் கண்டறிந்தனர். அவற்றுள் சில, மீன் வளர்க்கும் அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தன!

ஆகவே வடிகட்டியை வெறும் சல்லடையாக எண்ணுவது தவறு. அது ஓர் உயிர்க் குடியிருப்பு. வாங்குவதும் பராமரிப்பதும் இந்த எண்ணத்தோடுதான் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வாங்குவதைப் பற்றிக் கூறுகிறேன். தொட்டி 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உடையது, நீர் 45 செ.மீ. உயரம் நிற்கிறது என்றால், பெருக்கிப் பாருங்கள்: 243 லிட்டர். மணிக்கு நான்கு மடங்கு நீராவது வடிகட்டி வழியே செல்ல வேண்டும் என்பது மீன் வளர்ப்போர் கையாளும் கணக்கு. அதன்படி சுமார் 1,000 லிட்டர் தேவை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் பஞ்சும் கல்லும் இல்லாமல், நீரை உயரத்துக்கு ஏற்றாமல் அளந்த எண். நீங்களே அளக்கலாம். வெளியேறும் நீரை 10 லிட்டர் வாளியில் பிடியுங்கள். வாளி நிறைய 45 விநாடி ஆனால், மணிக்கு 800 லிட்டர்தான்.

நீரோட்டத்தைவிட முக்கியமானது பாக்டீரியா ஒட்டி வாழும் பரப்பு. நுண்துளைகள் நிறைந்த பீங்கான் வளையங்களும் பஞ்சும் சிறிய இடத்தில் பெரும் பரப்பைத் தருகின்றன. நீர் முதலில் முரட்டுப் பஞ்சின் வழியாகச் சென்று அழுக்கை விட்டுவிட்டுப் பிறகு வளையங்களை அடைய வேண்டும். வரிசை மாறினால் வளையங்களின் துளைகள் அடைபடும்.

பெரிய தொட்டிக்கு ஒரே பெரிய வடிகட்டி போதாதா என்று கேட்பீர்கள். நடுத்தரமான இரண்டே மேல் என்பேன். கானிஸ்டர் எனப்படும் மூடிய உருளை வடிகட்டி ஒன்று. காற்றுக் குமிழிகளால் இயங்கும் விலை குறைந்த பஞ்சு வடிகட்டி ஒன்று. மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டால், மூடிய உருளைக்குள் தேங்கிய நீரில் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியாக்கள் மூச்சுத் திணறும். அந்தக் கெட்ட நீரைக் கொட்டிய பின்பே அதை மறுபடி இயக்க வேண்டும். பஞ்சு வடிகட்டியோ தொட்டி நீருக்குள்ளேயே திறந்திருக்கிறது. பாட்டரியில் ஓடும் சிறு காற்று பம்பே அதை இயக்கப் போதும். கோடைக்கு இது மிகவும் தேவை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியிலோ ஏழரை மில்லிகிராம்தான்.

“அப்படியானால் அழுக்கை அப்படியே விட்டுவிடலாமா?” கூடாது. அழுக்கு சேர்ந்தால் நீரோட்டம் குறையும். பாக்டீரியாவுக்குப் பிராணவாயு கிடைக்காது. கழுவத்தான் வேண்டும், ஆனால் முறையோடு. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். நைட்ரேட்டைக் குறைக்க அதுவே வழி. வெளியே எடுத்த அந்தத் தொட்டி நீரிலேயே பஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். குழாய் நீரிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். புதிதாக ஊற்றும் நீரிலும் குளோரினை நீக்கிவிட வேண்டும். இரண்டு வடிகட்டிகளையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நம் வீட்டு அடுக்களையை நினைத்துப் பாருங்கள். தயிர்ப் பானையைத் துலக்கும் அம்மா, உறை ஊற்ற ஒரு கரண்டித் தயிரை எடுத்து வைத்துக்கொள்கிறார் அல்லவா? தயிர் ஓர் இரவில் தோய்ந்துவிடும். வடிகட்டியின் பாக்டீரியாவோ மெதுவாகப் பெருகுவது. புதுத் தொட்டியில் அது நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை வாங்கி வைத்தால், அடுத்த வீட்டில் உறைமோர் வாங்கியது போல் வேலை விரைவில் முடியும்.

உங்கள் பள்ளித் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் யாரென்று நாளைக்கே விசாரியுங்கள். பஞ்சு எந்தத் தண்ணீரில் அலசப்படுகிறது என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரில் என்றால், காரணத்தை அவருக்குப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். பேச முடியாத எட்டு உயிர்களுக்காக நீங்கள் பேசியதாக இருக்கும்.