கடைசி நாளிலிருந்து எண்ணுங்கள். முதல் நாளே தொடங்குங்கள்!



"அம்மா, நாளைக்கு அறிவியல் கண்காட்சி. சார்ட் எழுதணும்!" என்று இரவு ஒன்பது மணிக்குச் சொல்லி, வீட்டையே இரண்டாக்கியது உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்!

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர் போன்ற ஊர்களில், விடியற்காலையில் கம்பெனி பஸ்சுக்காக ரோட்டோரம் பலர் காத்து நிற்பார்கள். காலை 6 மணி ஷிப்ட் என்றால் 5 மணிக்கு பஸ். அதற்கு முன் சமையல் முடிய வேண்டும். அப்படியென்றால் மூன்றரைக்கு எழ வேண்டும். இப்படி முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வேலைக்குப் போகும் ஓர் அம்மா அலாரம் வைக்கிறார். அவரையா நாம் நள்ளிரவு வரை சார்ட் எழுத வைப்பது?

நாமும் அவரைப் போல எண்ணிப் பார்ப்போமா? கண்காட்சி 20ம் தேதி. செடி வெளிச்சத்தை நோக்கி வளைவதைக் காட்டப் போகிறீர்கள். சார்ட் எழுத 2 நாள்: 18, 19. பயறு முளைத்து வளர 10 நாள் என்று வைத்துக்கொள்வோம்: 8 முதல் 17 வரை. அட்டைப்பெட்டி, பயறு சேகரிக்க ஒரு நாள்: 7ம் தேதி. ஆக, 7ம் தேதியைத் தாண்டினால் வேலை முடியாது.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "ஓகோ, 7ம் தேதி தொடங்கினால் போதும்" என்று விளையாடப் போய்விடுகிறார்கள். 7 என்பது தொடங்க நல்ல நாள் அல்ல. தொடங்குவதற்குக் கடைசி நாள்! மழையில் பயறு அழுகிவிட்டால்? மறுபடி முளைக்க வைக்க நாளே இல்லை.

இப்போது முன்னோக்கி எண்ணுங்கள். 1ம் தேதியே தொடங்கினால் 13ம் தேதி எல்லாம் முடிந்துவிடும். கையில் 6 நாள் மிச்சம். பயறு அழுகியது 5ம் தேதி தெரிந்தாலும், 6ம் தேதி வேறு பயறு போட்டு, 17ம் தேதிக்குள் முடித்துவிடலாம்.

நம் விஞ்ஞானிகளும் இப்படித்தான் செய்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியை ஒட்டியே இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்துதான் மங்கள்யான் புறப்பட்டது. மயில்சாமி அண்ணாதுரை, சுப்பையா அருணன் என்ற இரண்டு தமிழர்கள் அந்தத் திட்டத்தை முன்நின்று நடத்தினார்கள்.

செவ்வாய்க்குப் போக நினைத்தபோதெல்லாம் கிளம்பிவிட முடியாது. பூமியும் செவ்வாயும் அதற்கு ஏற்ற இடத்தில் அமைவது சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். அந்த முறை ராக்கெட்டை ஏவக் கிடைத்த நாட்கள் 2013 அக்டோபர் 28 முதல் நவம்பர் 19 வரை. திட்டத்தை அரசு அறிவித்ததோ 2012 ஆகஸ்டில். எனவே அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எல்லா வேலைகளையும் வகுக்க வேண்டியிருந்தது.

ஆனால், "நவம்பர் 19 வரை நேரம் இருக்கிறதே" என்று அவர்கள் இருந்துவிடவில்லை. முதல் நாளான அக்டோபர் 28ஐயே குறி வைத்தார்கள். அது நல்லதாகப் போயிற்று! ராக்கெட்டைக் கண்காணிக்க பசிபிக் கடலுக்குப் போன கப்பல் ஒன்று, மோசமான வானிலையால் தாமதமானது. அதனால் ஏவும் நாளை நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. கடைசி நாளைக் குறி வைத்திருந்து, அப்போது கப்பல் தாமதமாகியிருந்தால்? அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதுதான்!

"சீக்கிரம் தொடங்கினால் போதாதா, எதற்கு எண்ண வேண்டும்?" என்று கேட்கிறீர்களா? எண்ணினால்தான் வேலை நாட்களுக்குள் அடங்குமா என்று தெரியும். ஆசிரியர் 9 நாள்தான் கொடுத்தார் என்றால், பயறு வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்து, வேறு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சைக்கிள் பழகுவது, நீச்சல் கற்பது போன்றவற்றுக்குக் கெடு கிடையாது. அவற்றுக்குக் கணக்கு வேண்டாம், இன்றே தொடங்குங்கள்.

அடுத்த முறை ஆசிரியர் தேதி சொன்னதும், காலண்டரில் இரண்டு வட்டம் போடுங்கள். ஒன்று, தொடங்க வேண்டிய கடைசி நாளுக்கு. இன்னொன்று, அன்றைய தேதிக்கு. அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார்.

என்ன, செய்வீர்கள்தானே?