'நண்பன்' எண்டு சொல்லாதேங்கோ

சேவியர் டோலானின் 'டொம் அற் த ஃபார்ம்' (2013) படத்தை, 'நண்பனின்' செத்தவீட்டுக்குப் போனவனின் கதை எண்டு சொல்லுறவையோட எங்களுக்குச் சண்டை இருக்கு. செத்த கியோம் டொம்மின் காதலன். கியூபெக் கிராமத்துப் பண்ணையில் அண்ணன் பிரான்சிஸ் அடித்து மிரட்டிக் காப்பாற்றுவதும் இதே 'நண்பன்' என்ற பொய்யைத்தானே! தாய் அகாத்துக்குச் சொல்லப்பட்டிருப்பது சாரா என்றொரு காதலி. தன் துக்கத்தை டொம் அந்தப் பொய்க் காதலியின் பேரில்தான் கொட்டவேண்டியிருக்கு. வாய்விட்டு அழக்கூட உரிமையில்லை. 'ஓரினக் காதலை விடுங்கோ, திரில்லரா நல்லாயிருக்கு' எண்டால், பிரான்சிஸ் எதுக்கு இவ்வளவு பயப்பிடுறான்? மாட்டுக்கொட்டிலில் டொம்மை இழுத்துவைத்து ஏன் டாங்கோ ஆடுறான்? அதை எடுத்துவிட்டால் மிச்சம் மாடுகளும் சோளக்காடும்தான்.