கை போன பின்னரா கணக்கு?

போரினாற் பாழடைந்து கிடந்த அச்சுவேலிக் கைத்தொழிற் பேட்டை, இந்திய உதவியுடன் புதுக்கப்பெற்று 2014ஆம் ஆண்டில் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆயின், எந்திரம் சுழலும் இடத்தில் அபாயமும் உடனுறைவது. அங்கு உழைப்போரின் உயிருக்கும் உறுப்புக்கும் காவலாய் நிற்பது எது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்! வெள்ளையர் ஆட்சியில், உலகப் போரின் நடுவே இயற்றப்பெற்றது. இடையிடையே திருத்தினார்கள், அடித்தளம் இன்றும் அதுவே.

பழைய சட்டம் என்பதற்காக நாம் அதனைப் பழிக்கவில்லை. சுழலும் பாகங்களுக்கு மறைப்பு வேண்டும், கடுங்காயம் நேர்ந்தால் அறிவிக்க வேண்டும் என்பன நல்ல விதிகளே. அவை ஏட்டை விட்டு எந்திரத்தடிக்கு இறங்கி வந்தனவா என்பதே கேள்வி. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழிற் பாதுகாப்புக்கென ஒரு தேசிய நிறுவகமும் அமைத்தார்கள். பயிற்சியும் ஆராய்ச்சியும் அதன் பணிகள். ஆனால், நடத்திய கருத்தரங்குகளின் தொகை சாதனையாகாது. எத்தனை கைகள் அறுபடாமற் காக்கப்பட்டன என்று சொல்லட்டும்!

பரிசோதனை பயன் தருமா என்று ஐயுறுவோருக்குக் கலிபோர்னியா விடை கூறுகின்றது. அங்கே குலுக்கல் முறையிற் தெரிந்தெடுத்துப் பரிசோதிக்கப்பட்ட தொழிலகங்களை, பரிசோதிக்கப்படாதவற்றோடு ஒப்பிட்டனர். காயங்கள் 9.4 சதவீதமும் நட்டஈட்டுச் செலவு 26 சதவீதமும் குறைந்தன என 2012இல் 'சயன்ஸ்' ஏட்டில் முடிவு வெளியாயிற்று. வேலையிழப்பேதும் புலப்படவில்லை. பரிசோதகர் வந்தால் தொழில் படுத்துவிடும் என்று ஓலமிடும் முதலாளிமார் கவனிப்பார்களாக.

இனித் தோட்டக்காரர் நிலை. தொழிற்சாலைச் சட்டம் வயல் வரம்பில் ஏறுவதில்லை. சொந்த நிலத்திற் பாடுபடும் கமக்காரனுக்கு முதலாளி இல்லை; ஆகவே வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்திலும் இடமில்லை. உழவு இயந்திரத்தின் சுழல்தண்டு சாரத்தைப் பற்றியிழுத்தால், அது அவன் தலைவிதி!

எனினும், அரசாங்கம் உருப்படியாகச் செய்த ஒன்றும் இங்கேதான் உண்டு. கொடிய பூச்சிகொல்லிகள் பலவற்றை 1995ஆம் ஆண்டளவில் நிறுத்தியது. எண்டோசல்பானை 1998இல் தடுத்தது. பராகுவாட்டை 2008 முதற் படிப்படியாக விலக்கியது. நஞ்சுண்டு மாண்டோர் தொகை பெரிதுங் குறைந்தது. மருந்தடிப்போன் தோளிலிருந்தும் அந்நஞ்சுகள் இறங்கின. முகமூடி அணிக என்று ஆயிரம் துண்டுப்பிரசுரம் வழங்கியிருந்தால் இது நடந்திருக்குமா? உச்சி வெயிலில் வெங்காயத் தறைக்குள் முகமூடியோடு நிற்பவன் யார்? அபாயத்தை மூலத்திலேயே அகற்றியதால் வந்த வெற்றி இது.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நட்டஈட்டின் உச்சவரம்பு ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வரவேற்கின்றோம். ஆனால், இருபது இலட்சம் எந்த விரலையும் மீண்டும் முளைக்கச் செய்யாது.

நாம் கேட்பது சொற்பமே. மறைப்பில்லாத சுழல்தண்டுடன் எந்த உழவு இயந்திரமும் விற்பனைக்கு வரலாகாது. கைத்தொழிற் பேட்டைக்குத் தமிழறிந்த பரிசோதகர் சொல்லாமல் வரவேண்டும். கடுங்காயங்களின் கணக்கு, வயலில் நேர்ந்தவையும் சேர்த்து, மாவட்டவாரியாக ஆண்டுதோறும் தமிழில் வெளிவரவேண்டும்.