வாக்கும் ஒரு பாடே!

குடியாட்சியின் வேர் தலைநகரில் இல்லை. சிற்றூர்த் தெருவில் இருக்கின்றது. வேர் புழுத்த மரத்திற்கு உச்சிக்கிளையில் நீர் தெளிப்பதால் பயன் விளையாது. சட்டமன்றத் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் பணம் பாய்வதைக் கண்டு வாய் கிழியப் பேசுவோர், தம் ஊராட்சித் தேர்தலில் நடப்பதைக் கண்டும் காணாதவராய் இருந்து விடுகின்றனர். ஊருக்குள் நடப்பதுதானே என்று அவர்கள் அமைதி கொள்கின்றனர். அவ்வமைதியே எல்லாக் கேட்டிற்கும் கால்கோள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 திசம்பரில் நடந்தது. அதற்கு முன் மூன்றாண்டுக் காலம், தேர்ந்தெடுக்கப் பெற்றோர் எவரும் இன்றித் தனி அலுவலரே ஊராட்சிகளைப் பார்த்துக் கொண்டனர். 2019-இல் வந்தோரின் காலமும் 2025 சனவரியில் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர் வந்தமர்ந்தனர். இங்ஙனம் அரிதாய்க் கிட்டும் தேர்தலையும் விற்றுத் தீர்ப்பது எத்துணைப் பேதைமை! அதனை உணர்வதற்கு வேறெங்கும் சென்று பாடங் கேட்க வேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையே போதும்.

அயலார் நாவில் 'புலிக்காட்' எனத் திரிந்த பழவேற்காடு, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவிற்கு அடுத்த பெருமையுடையது. ஏரியின் பெரும்பரப்பு ஆந்திர எல்லைக்குள் கிடக்க, தென்பகுதியே தமிழகத்தில் உள்ளது. அச்சிறு பரப்பை நம்பி வாழும் மீனவர்களிடம் 'பாடு' என்னும் முறையொன்று வழிவழியாய் இருந்து வருகின்றது. உழைப்பு, துன்பம், பெருமை எனப் பல பொருள் தரும் அச்சொல், அவ்வேரிக்கரையில் மீன்பிடி உரிமையின் பெயராய் நிற்கின்றது. இறால் மிகுதியாய் விழும் இடங்கள் சிலவே, வலைகளோ பல. ஆகவே இன்ன நாள் இன்ன ஊர்க்கு, இன்ன இடம் இன்ன வலைக்கு என முறை வைத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். நல்ல இடம் ஒருவர்க்கே நிலைத்து விடாமல் சுழன்று வரும். பணம் மிகுந்தவர்க்கே ஏரி என்னும் நிலை வாராமற் காப்பது அம்முறை.

அம்முறையில் குறையே இல்லை என்பதன்று. பாட்டுரிமை குறிப்பிட்ட ஊர்களுக்கும் குறிப்பிட்ட குலத்தார்க்கும் மட்டுமே உரியதாய் இருத்தலின், அதற்குப் புறத்தே நிற்கும் மீனவர்க்கும் அவர்க்கும் இடையே பூசல்கள் எழுந்துள்ளன. ஆயினும் உரிமை உடையார்க்குள்ளாவது, வலியார் எளியார் என்று பாராமல் முறையால் பகிர்தல் என்னும் அறம் அதில் உயிரோடு உள்ளது.

ஏரியைப் பகிர்வதில் இத்துணை நேர்மை காக்கத் தெரிந்தவர், ஊரை ஆளும் பொறுப்பைப் பகிர்வதில் மட்டும் அந்நேர்மையைக் கைவிடலாமா? வாக்குக்குப் பணமும் புடவையும் குடிப்பொருளும் வழங்கும் இழிவு தமிழகம் முழுதும் பரவிக் கிடக்கின்றது. 2017-இல் சென்னை இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் பணப்பாய்ச்சல் பற்றியே நீக்கப்பட்டன. உலகறிய நடந்த தேர்தல்களின் நிலையே இஃதெனில், எவர் கண்ணும் படாத ஊராட்சித் தேர்தலின் நிலையைக் கூறவும் வேண்டுமோ!

சில ஊர்களில் வாக்கை ஒவ்வொன்றாய் வாங்குவதும் இல்லை. பொறுப்பையே மொத்தமாய் ஏலத்திற்கு விட்டு விடுகின்றனர். 2019 திசம்பரில் கடலூர் மாவட்டத்து நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பொறுப்பு 50 இலக்கம் உருபாவிற்கும், துணைத் தலைவர் பொறுப்பு 15 இலக்கம் உருபாவிற்கும் ஏலம் போயினவாகச் செய்தி வந்து நாடே நாணியது. இத்தகைய ஏலத்தில் வரும் பணம் ஊர்க்கோயிலுக்குத்தானே செல்கின்றது, அதனால் யாருக்கு என்ன கேடு என வினவுவார் உளர். விடை எளிது. ஐம்பது இலக்கம் இட்டவர் அதனை எங்கிருந்து மீட்பார்? தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும் வடிகாலிலும் ஏழையின் வீட்டுத் திட்டத்திலும் அன்றோ மீட்பார்? கோயிலுக்கு ஒரு கை கொடுத்து, ஊருக்கு வரும் பொருளை இரு கையாலும் அள்ளுவதற்கு ஊரே ஒப்பம் இட்டதாகும். மேலும், ஏலம் என்று வந்துவிட்டால் வலையன்றி வேறு செல்வம் இல்லாதவன் எத்துணை நேர்மையும் அறிவும் உடையவனாயினும் ஊர்த்தலைவனாதல் இயலாது. பாடு முறை எதனைத் தடுக்கின்றதோ அதனையே ஏலமுறை வளர்க்கின்றது.

பணத்தினும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. அஃது ஊர்க்கட்டுப்பாடு. கடற்கரை மீனவர் ஊர்களில் ஊர்ப்பஞ்சாயத்து வலிமையுடையது. கடலிலும் ஏரியிலும் இடர் நேர்ந்தால் ஓடி வருவது அதுவே. பூசல்களைத் தீர்ப்பதும் அதுவே. அதன் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், இன்னார்க்கே ஊர் முழுதும் வாக்களித்தல் வேண்டும், மீறினால் தண்டம், ஊர்விலக்கு என்று அது கட்டளையிடுமாயின், வாக்குச்சீட்டை மறைவாய் இடுவதற்குப் பொருளே இல்லாது போகும். தலைக்கட்டு வரி கொடுக்கும் ஆடவர் மட்டுமே கூடி எடுக்கும் முடிவில், கரையில் மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்டிரின் எண்ணம் எங்கே? ஊராட்சிப் பொறுப்புகளில் பாதியைப் பெண்டிர்க்கு ஒதுக்கிய சட்டம் 2016-இலேயே தமிழகத்தில் வந்துவிட்டது. ஒதுக்கிய இடத்தில் மனைவியை நிறுத்திக் கணவனே வாக்குக் கேட்டு, கணவனே ஆள்வதாயின், அதுவும் ஊரை ஏய்க்கும் பொய்ப் பரப்புரையே ஆகும்.

கட்டுப்பாடு எவ்வளவு கொடிதாகும் என்பதற்கு மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும் சான்றாகும். ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கிய தலைவர் பொறுப்பை அவர் ஏலாதபடி 1996 முதல் பத்தாண்டுக் காலம் தடுத்தனர். வென்றவரும் உடனே விலகும்படி ஆயிற்று. 2006-இல்தான் அங்கெல்லாம் தேர்தல் முறையாய் நிறைவேறியது. ஒற்றுமை வேறு, அச்சுறுத்தி வாங்கும் இசைவு வேறு. முன்னது ஊரை வாழ்விக்கும். பின்னது ஊரைச் சிறையாக்கும்.

மூன்றாவது கேடு பொய் வாக்குறுதி. ஏரியைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து அடைபடுவது பழவேற்காட்டாரின் நெடுநாள் துயரம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய அச்சம் மற்றொன்று. இவையிரண்டும் மக்களின் உயிர்ச்சிக்கல்கள். ஆயின், முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலையாய்த் திறந்து வைப்பதோ, துறைமுகத்தைத் தடுப்பதோ ஊராட்சித் தலைவரின் கைக்குள் இல்லை. 'நானே செய்து முடிப்பேன்' எனக் கூறி வாக்குக் கேட்பவர், அறியாது கூறினால் பேதை. அறிந்தே கூறினால் ஏமாற்றுக்காரர். குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால், துப்புரவு இவை ஊராட்சியின் கடமைகள். ஏனையவற்றிற்கு, கிராம சபை எனப்படும் ஊரவையைக் கூட்டித் தீர்மானம் இயற்றி மேலிடத்தை நெருக்குவேன் என்று கூறுவதே நேர்மையான பரப்புரை.

தமிழர்க்கு இந்நேர்மை புதிதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப் பெற்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, அனைவரும் காணத் தூக்கிக் காட்டி, உள்ளிருப்பதை அறியாத சிறுவனைக் கொண்டே எடுப்பித்தனர். எடுத்த ஓலையை வாங்குவோன் விரல் ஐந்தையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்குதல் வேண்டும். மறைத்து மாற்றுதற்கு இடமில்லை. வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் பின்னர்ப் பொறுப்பிற்கு வாராதபடி விலக்கினர். அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர், நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது, உழுதவனுக்கில்லை. அக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் தகாது. ஆயின் கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்னும் அவ்வொரு விதியைத் தமிழகத்து வாக்காளர் இன்று தம் நெஞ்சிற் பொறித்துக் கொள்வாராயின், பாதிக் கேடு அன்றே ஒழியும்.

வாக்குக்குக் கையூட்டுக் கொடுப்பது மட்டுமன்று, வாங்குவதும் குற்றமே. ஓராண்டு வரை சிறையுண்டு. எனினும் சட்டம் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்று காவல் காக்க இயலாது. ஊரே காத்தல் வேண்டும். ஊர்க்கூட்டம் இனிக் கட்டளையிடும் ஒன்று உண்டாயின் அஃது இதுவாகுக: இவ்வூரில் எவரும் பணம் கொடுத்து வாக்குக் கேட்டல் ஆகாது, எவரும் வாங்கலும் ஆகாது, போட்டியிடுவோர் அனைவரும் ஒரே மேடையில், பெண்டிரும் இருக்க, தம் திட்டத்தைக் கூறுக, முன்பு பொறுப்பிலிருந்தவர் முதலில் கணக்கைக் கூறுக, அதன்பின் அவரவர் உளம்போல் வாக்கிடுக.

தன் முறை வரும் நாளில் தன் பாட்டை அயலானுக்கு விட்டுக் கொடுத்துக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் மீனவன் உண்டோ? வாக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பாடே. அதனை விற்றவன் அடுத்த முறை வரும் வரை ஊருக்குள் உரிமையற்றவனாய் நிற்பான். விற்காதவனே ஊராள்வான், ஊராளக் கற்றவனே நாடாள்வான்.